பழஞ்சின்னத்துக்குப் பக்கத்தில் கட்டுமானம்: கேள்வி பதில்

மரபுக் கட்டடங்களைப் பேணுவது என் தொழில். பக்கத்தில் சாலையோ மெட்ரோவோ அடுக்குமாடியோ வரும்போது அந்தக் கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுப்பதும் அதில் சேரும். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

தாராசுரம் வாசகர்: சார், எங்கள் பூர்வீக வீடு ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து சுமார் 60 மீட்டரில் இருக்கிறது. ஓடெல்லாம் போய்விட்டது. இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டலாமா?

முடியாது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம் இதை நன்றாக இறுக்கிவிட்டது. முதல் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவும் இடித்துக் கட்டவும் வழியில்லை.

ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். பழைய பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்புக் காகிதம் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். ஓடு மாற்றுவது, உத்திரம் மாற்றுவது, சுவர் பூசுவது எல்லாம் பழுதுபார்ப்பில் வரும். மாடி வராது.

அப்புறம், அந்த 60 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்? கோபுரத்திலிருந்து அளப்பவர்கள்தான் அதிகம். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அந்த எல்லை மதிலுக்கு வெளியேயும் போகலாம். சர்வே எண்ணோடு தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

திருச்சி வாசகர்: நான் பார்க்கும் மனை பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்றிலிருந்து 250 மீட்டரில் இருக்கிறது. அனுமதி கிடைத்துவிடும்தானே?

கிடைக்க வாய்ப்பு உண்டு. உயரத்துக்கு நிபந்தனை வரலாம். விண்ணப்பம் தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போகும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம், அதன் பரிந்துரை வந்தபின் அதிகாரிக்கு 1 மாதம். ஆக, காகிதத்தில் மூன்றரை மாதம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை விசாரியுங்கள். அனுமதியில்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சென்னை, கட்டடக்கலை மாணவி: கோயிலைத் தொடவே இல்லை, அப்படியிருக்க என்ன பாதிப்பு என்று திட்டக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

நல்ல கேள்வி. பழைய கட்டடங்களுக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி தொடாமலேயே வருவதுதான்.

முதலில் தண்ணீர். பக்கத்தில் அடித்தளத்துக்குத் தோண்டும்போது மாதக்கணக்கில் நீரை இறைத்து வெளியே விடுகிறார்கள். மண் இறுகி ஒரு பக்கம் அமிழ்ந்தால், சுண்ணாம்புக் காரையில் நிற்கும் சுவர் விரிசல் விடும். கொல்கத்தாவின் கிழக்கு-மேற்கு மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டியபோது, 2019 ஆகஸ்ட் கடைசியில் பௌபஜாரில் இயந்திரம் நீரோட்டம் உள்ள மண்ணில் போய் மாட்டியது. மேலே இருந்த பழைய வீடுகள் சரிந்தன. அங்கே யாரும் எந்த வீட்டையும் கடப்பாரையால் தொடவில்லை. அதே பாதை கரன்சி பில்டிங், இரண்டு யூத வழிபாட்டுக் கூடங்கள் ஆகிய பாதுகாக்கப்பட்ட சின்னங்களை ஒட்டிப் போவதால் அனுமதிக்கே நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. தாமதம் என்று அதைத் திட்டியவர்கள் பௌபஜாரைப் பார்த்தபின்னாவது யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது அதிர்வு. கட்டடம் தாங்கும் அதிர்வின் அளவைச் சொல்லும் ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலையைப் பல நாடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். குறைந்த அதிர்வெண்ணில், அடித்தளத்தில் அளக்கும் துகள் வேகம் (அதிர்வில் அந்த இடம் அசையும் வேகம்) தொழிற்கூடத்துக்கு நொடிக்கு 20 மில்லிமீட்டர் வரை போகலாம், குடியிருப்புக்கு 5, மரபுக் கட்டடத்துக்கு 3. வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு விரிசலையும் படமெடுத்து, அகலம் குறித்து, விரிசல் விரிகிறதா என்று காட்டும் அளவியை ஒட்டிவைக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லையென்றால் பிறகு "இது பழைய விரிசல்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

சாலை மட்டத்தையும் கவனியுங்கள். நம் ஊரில் தார் மேல் தார் போட்டு, கோயில் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துபோய் மழைநீர் உள்ளே வருவதை எத்தனை இடத்தில் பார்க்கிறோம்! பாதிப்பு அறிக்கையில் இதை எழுதுபவர்கள் மிகக் குறைவு.

கடைசியாகக் காட்சி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல் எழுந்து நிற்பது தொலைவிலிருந்தும் தெரிவதற்குத்தான். சாலைச் சந்திப்பு, ஆற்றங்கரை என்று சில இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எடுத்த படத்தின் மேல் வரப்போகும் கட்டடத்தை வரைந்து காட்டுங்கள். பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது வேலை செய்யும்.

மதுரை வாசகர்: அரிட்டாபட்டி டங்ஸ்டன் விஷயத்தில் தவறு எங்கே நடந்தது?

வேலைகளைச் செய்த வரிசையில். அரிட்டாபட்டியில் சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள், பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் இருப்பது ஊரறிந்த செய்தி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாகவும் அறிவித்தார்கள். இருந்தும் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக, நாயக்கர்பட்டித் தொகுதி என்ற பெயரில் 2,000 ஹெக்டேருக்கு மேல் ஏலம் முடிந்தது. மக்கள் திரண்டார்கள், டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே என்ன இருக்கிறது என்று ஏலத்துக்குக் கோடு போடும்போதே பார்த்திருக்க வேண்டும். மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் பயிரை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துதான் இதைச் சொல்ல வேண்டுமா?

தர்மபுரி வாசகர்: எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஓரத்தில் நடுகற்களும் ஒரு சுமைதாங்கிக் கல்லும் உள்ளன. துறைப் பலகை எதுவும் இல்லை.

என்னை மிகவும் வருத்தும் வகை இது. மத்தியத் துறையின் பட்டியலில் தமிழ்நாட்டில் 400-க்கு மேல் சின்னங்கள் இருக்கின்றன. மாநிலத் துறை 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பவை தனி. இரண்டிலும் இல்லாதவற்றுக்கு எல்லையும் கிடையாது, மீட்டரும் கிடையாது. புல்டோசர் ஓட்டுநருக்கு அது வெறும் கல்.

நாளைக்கே போய் ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படமெடுங்கள். எழுத்து இருந்தால் சாய்வெயிலில் எடுங்கள், தெளிவாக விழும். சர்வே எண், கைபேசியில் காட்டும் இடக்குறிப்பு இரண்டையும் சேர்த்து மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கல்லை நீங்களே நகர்த்த வேண்டாம். நகர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லையென்றால் துறை ஆட்கள் முன்னிலையில், நின்ற இடத்தையும் திசையையும் பதிந்த பிறகு செய்யலாம்.

கோவை, பொறியாளர்: வரைபடம் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மரபுப் பாதிப்பு அறிக்கை கேட்கிறார்கள். எப்படி எழுதுவது?

இந்த நிலையில் எழுதினால் அது நியாயம் கற்பிக்கும் காகிதமாகத்தான் இருக்கும். பாதையை மாற்றினால் என்ன, உயரத்தைக் குறைத்தால் என்ன, வேறு இடம் உண்டா என்ற கேள்விகளுக்கு இடம் இருக்கும்போதுதான் அறிக்கைக்கு உயிர். ஹம்பியில் துங்கபத்திரை மேல் பாலம் பாதி எழுந்தபின் எதிர்ப்பு வந்தது. 1999-இல் யுனெஸ்கோ ஹம்பியை அபாயத்தில் உள்ள உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது, 2006-இல்தான் எடுத்தது. அந்த ஆனேகுந்திப் பாலம் 2009-இல் கட்டி முடியும் முன்பே இடிந்து உயிர்களைக் கொண்டுபோனது. உங்கள் நிறுவனத்திடம் குறைந்தது இரண்டு மாற்று வரைபடமாவது கேளுங்கள். தர மறுத்தால் அதையே அறிக்கையில் எழுதுங்கள்.

சென்னை, வழக்கறிஞர்: சின்னத்தையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் 100 மீட்டர் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

உயர் நீதிமன்ற வளாகத்தில், மத்தியத் துறையின் பாதுகாப்பில் உள்ள டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் என்ற ஆங்கிலேயர்களின் பழைய கல்லறையை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது கட்டுமானத்துக்குத் தடையாக இருக்கிறது என்று இடம் மாற்றச் சொல்லி 2023-இல் தனி நீதிபதி உத்தரவிட்டார். அந்தக் கல்லறையின் கலை மதிப்பு பற்றி இரு தரப்பாகப் பேசலாம். என்னைக் கேட்டால் மாற்றக் கூடாது. அது பழைய கோட்டை நகரத்தின் இடுகாடு எங்கே இருந்தது என்று காட்டும் அடையாளம். இடத்தை விட்டுப் பிரித்தால் அந்தச் சான்று போய்விடும்.

கும்பகோணம் வாசகி: எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் கருத்துச் சொல்ல வழி உண்டா, ஐயா?

உண்டு அம்மா. ஒவ்வொரு சின்னத்துக்கும் உயரம், முகப்பு, வடிகால் முதலியவற்றைச் சொல்லும் மரபுத் துணைவிதிகளைத் தயாரித்து, இறுதி செய்யும் முன் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காகத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலின் வரைவு வரும்போது படித்து, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது, தேர் எந்த வழியாகப் போகிறது, எங்கிருந்து கோபுரம் தெரிகிறது என்று எழுதி அனுப்புங்கள். கருத்துச் சொல்லக் கொடுக்கும் காலம் குறைவு, அதனால் தளத்தை அவ்வப்போது பாருங்கள்.