2024 இறுதித் தொடர்: விருது டேட்டமுக்கா, பிரவுனுக்கா?

"பாளையங்கோட்டையில் மாலை ஆட்டம் முடிந்தால் நண்பர்களுக்குள் இதே வாக்குவாதம். 2024 என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரில் பாஸ்டன் அணிக்காக அதிகம் செய்தவர் டேட்டம்தானே, சிறந்த வீரர் விருது ஏன் சக வீரர் பிரவுனுக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரவுனுக்குக் கொடுத்தது சரி என்பேன். டேட்டமின் சராசரி 22.2 புள்ளி, 7.8 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 7.2 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போட உதவும் பாஸ்), மூன்றிலும் அணியில் அவரே முதல். பிரவுனுக்கு 20.8 புள்ளிதான். ஆனால் எதிரணியான டல்லாஸின் உயிர்நாடியான லூக்கா டோன்சிச்சை மறிக்கும் பெரும் பொறுப்பு பிரவுனுடையது. அப்படிப்பட்டவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு, உடனே மறுமுனைக்கு ஓடிப் பந்தைக் கூடைக்குள் போடுவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பது நம் ஊர் வெயிலில் சிமெண்ட் தளத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஆட்டத்தில் அவர் 30 புள்ளிகளும் எடுத்தார்! டேட்டமின் எறிதல்களிலோ 40 சதவீதம்கூடக் கூடைக்குள் விழவில்லை. வாக்களித்த 11 பேரில் 7 பேர் பிரவுனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இது புதிதும் அல்ல. 2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஸ்டீஃபன் கரி. விருது, எதிரணி நட்சத்திரம் லெப்ரானை மறித்த சக வீரர் இகுடாலாவுக்குப் போனது.

கோப்பையை உறுதிசெய்த ஐந்தாவது ஆட்டத்தில் டேட்டம் 31 புள்ளி, 11 அசிஸ்ட் என்று அருமையாக ஆடினார். தொடர் முழுவதும் அப்படி ஆடியிருந்தால் நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.