வாசகர் கேள்வி – பதில்: பாறை இடுக்கில் ஒரு நாள் நடை

கேள்வி: நாங்கள் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். ஆகஸ்ட் முதல் வாரத்தில், மகளுக்குக் கல்லூரி திறப்பதற்கு முன், யூட்டா எல்லையிலுள்ள வயர் பாஸ் வழியாக இறங்கி பக்ஸ்கின் கல்ச் என்னும் குறுகிய பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடக்க எண்ணியிருக்கிறோம். மூவருமே ஆன்டிலோப் கேன்யனை வழிகாட்டியுடன் பார்த்தவர்கள். பாலைவனம் என்பதால் குடிநீர் நிறைய வேண்டும் என்பது தெரியும். வேறு என்னென்ன ஆயத்தங்கள் தேவை?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: முதல் ஆயத்தம், தேதியை மாற்றுவதுதான். நீங்கள் தாகத்தை எண்ணிக் கவலைப்படுகிறீர்கள். நான் வெள்ளத்தை எண்ணி அஞ்சுகிறேன். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அந்தப் பகுதிக்குப் பருவமழைக் காலம். பிற்பகலில் திடீரென இடி மேகம் திரண்டு, ஏதோ ஓரிடத்தில் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். வெறும் பாறையும் மெல்லிய மண்ணுமாக இருக்கும் நிலம் அந்த நீரை உறிஞ்சாது. பரந்த மேட்டில் விழுந்தது அத்தனையும் ஓடைகளில் சேர்ந்து, இரு கைகளை விரித்தால் சுவரைத் தொடும் இடுக்குக்குள் புகும்போது, பக்கவாட்டில் பரவ இடமின்றி உயர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பள்ளத்தாக்கைச் செதுக்கியதே இப்படிப்பட்ட வெள்ளம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நீங்கள் பார்த்த ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை. பல மைல்களுக்கு அப்பால், ஓடையின் மேற்பகுதியில் பெய்த மழையின் நீர்தான் அவர்களை அடித்துச் சென்றது. ஆகையால் தலைக்கு மேல் தெரியும் ஒரு கீற்று நீல வானத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஓடைக்கு நீர் வந்து சேரும் மேட்டுநிலம் முழுவதற்கும் அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் முன்னறிவிப்பை முதல் நாள் இரவிலும், புறப்படும் காலையிலும் பாருங்கள். அந்த நிலத்தை நிர்வகிக்கும் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் (BLM) அருகிலுள்ள அலுவலகத்திலும் நேரில் கேளுங்கள். அனுமதிச் சீட்டு கையில் இருப்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமாகாது. 2015 செப்டம்பர் 14 அன்று சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் உயிரிழந்த ஏழு பேரும் முறைப்படி சீட்டு பெற்றே சென்றவர்கள்.

பக்ஸ்கின் கல்ச் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுடையது. நடுவில் வெளியேற வழி மிக அரிது, அதுவும் பாறை ஏறிப் பழகியவர்களுக்கே உரியது. நிமிர்ந்து பார்த்தால், உங்கள் தலைக்கு வெகு உயரத்தில் இரு சுவர்களுக்கிடையே மரத்துண்டுகள் சிக்கி நிற்பது தெரியும். முன்பு வந்த வெள்ளம் அந்த உயரம்வரை ஓடியதற்கு அவையே சாட்சி. எனவே அக்டோபர் தொடக்கத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வயர் பாஸில் நடை தொடங்கும் இடத்திலிருந்து அது பக்ஸ்கினைச் சந்திக்கும் இடம்வரை சுமார் 2.7 கிலோமீட்டர்தான். அங்கே பாறையில் பழங்குடியினர் கொத்திய காட்டு ஆடுகளின் உருவங்களைக் கண்டு, சற்றுத் தொலைவு உள்ளே போய், வந்த வழியே திரும்பினாலே உங்களுக்கு ஒரு நாள் நிறைவாகக் கழியும். போகும் சாலை மண் சாலை. மழை நனைத்தால் களியாகிக் காரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதற்காகவும் வானிலை பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: பாலைவனத்தில்கூடப் பள்ளத்தாக்குக்குள் குளிர் வாட்டும் என்கிறார்களே, உண்மையா? எதை உடுத்துவது, எதை எடுத்துச் செல்வது?
– வாசகர், டாலஸ்

பதில்: உண்மைதான். வெயில் எட்டாத இடுக்குகளில் சேற்றுக்குட்டைகள் வாரக்கணக்கில் வற்றாமல் கிடக்கும். இடுப்பளவு குளிர்நீரில் ஒரு முறை இறங்கி ஏறினால், நனைந்த பருத்தி ஆடை உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். விரைவில் உலரும் செயற்கை இழை ஆடை, நனைந்தாலும் கதகதப்புத் தரும் நியோபிரீன் காலுறை, பிடிப்புள்ள பழைய காலணி, நீர் புகாத பையில் ஒரு மாற்றுடை ஆகியவை போதும். சேற்றின் ஆழத்தைப் பார்க்க ஊன்றுகோல் ஒன்று அவசியம். குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். கூடவே உப்புள்ள நொறுக்குத் தீனி. வெறும் நீரையே குடித்துக்கொண்டிருப்பதும் கெடுதல்.

கைப்பேசி அங்கே வேலை செய்யாது. உயர்ந்த சுவர்களுக்கிடையே செயற்கைக்கோள் கருவிகளும் தடுமாறும். ஆகவே எந்த வழியில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் கேன்யனில் பாறைக்கடியில் கை சிக்கி, 127 மணி நேரத்துக்குப் பின் அக்கையைத் தாமே அறுத்துக்கொண்டு மீண்ட ஏரன் ரால்ஸ்டன், தாம் போகுமிடத்தை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கேள்வி: கோடையில், ஆன்டிலோப் கேன்யனுக்கு அருகிலுள்ள அரிசோனாவின் பேஜ் நகரில் கைப்பேசிக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கிறதே, ஏன்?
– வாசகர், சான் ஹோசே

பதில்: அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, பக்கத்திலுள்ள யூட்டாவும், நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடும் மாற்றுகின்றன. கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். நேரத்தைத் தானாக மாற்றும் வசதியை நிறுத்திவிட்டு, வழிகாட்டியிடம் முன்பதிவு செய்யும்போது எந்த நேரக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.