கண்மாய் வண்டல் முதல் பண்ணைக்குட்டை வரை: செட்டிநாட்டு விவசாயிகளுக்குப் பதில்கள்

கல்லல் விவசாயி: அண்ணே, கண்மாய் வண்டலை என் செம்மண் புஞ்சையில் போடலாமா? பணம் கட்டணுமா?

தாராளமாகப் போடுங்கள் தம்பி. யார் மானியம் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது வண்டலைத்தான். மண்ணுக்குக் காசு கிடையாது. வெட்டுக்கூலியும் டிராக்டர் வாடகையும்தான் நம் பொறுப்பு. 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75. அனுமதிப் பட்டியலில் உங்கள் கண்மாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நம் செம்மண்ணில் மழை பெய்த ஈரம் நிற்பதே இல்லை, வண்டல் கலந்தால்தான் பிடித்து வைக்கும். சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே அடித்துப் பரப்பிவிடுங்கள். அடுத்த மழைக்குத் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூக்கிற சமயம், சுமார் 45 நாளில் மடக்கி உழுங்கள். 2024-25ல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியம் உண்டு. வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு கேளுங்கள்.

தேவகோட்டை ஆச்சி: பட்டா நாலு பங்காளிகள் பேரில் இருக்கிறது. இருவர் வெளிநாட்டில். மானியம் கிடைக்குமா?

ஆச்சி, நம் பக்கம் பலருக்கும் இதே சிக்கல்தான். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதுதான் நிரந்தர வழி. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போதே பேசி முடித்துவிடுங்கள். நான் இதைத் தள்ளிப்போட்டே மூன்று வருடம் விண்ணப்பிக்க முடியாமல் நின்றேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

புதுவயல் விவசாயி: சொட்டுநீர் பைப்பைக் கடையில் வாங்கிவிட்டேன். பில்லைக் கொடுத்தால் பணம் வருமா?

வராது. முதலில் பதிவு, அப்புறம் நில ஆய்வு, பணி ஆணை; அதன் பிறகுதான் பொருள். சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இந்த 100 என்பது அரசு நிர்ணயித்த விலைக்குள் மட்டும். தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி வையுங்கள்.

திருப்பத்தூர் விவசாயி: பண்ணைக்குட்டை வெட்டினால் எங்கள் சரளை மண்ணில் தண்ணீர் நிற்குமா?

நிற்காது, இறங்கிவிடும். கிணறு இருந்தால் அதற்கு மேட்டுப்பக்கம் வெட்டுங்கள். இறங்கும் நீர் கிணற்றுக்கு ஊறும். தேக்கி வைத்துத்தான் பாய்ச்சணும் என்றால் தார்ப்பாய் விரிக்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையில் மனு கொடுக்கும்போதே அதற்கும் உதவி உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வெட்டி முடிக்கணும்.