ஆறு ஏன் மரணத்தோடு சேர்ந்தே வருகிறது?

இலக்கியத்தில் ஆறு ஏன் மரணத்தோடும் இறைநம்பிக்கையோடும் சேர்ந்தே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் இராமநாதபுரக் கடற்கரையில் முடியும் வைகையைக் கொண்டே விடை சொல்லலாம்.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில், கண்ணகிக்கு நேரப்போவதை முன்பே அறிந்தவள்போல, வைகை தன் கண்ணீரை நறுமலர் ஆடைக்குள் மறைத்துக்கொள்கிறாள். அதை அறியாத கோவலனும் கண்ணகியும், இது வெறும் புனலாறு அன்று, பூம்புனலாறு என்று தொழுதுவிட்டு, உடன்வந்த சமணத் துறவி கவுந்தியடிகளோடு மரப்புணையில் தென்கரை சேர்கிறார்கள். தொழுத ஆறே அழுகிறது; இதைவிட நுட்பமான இடத்தை நான் படித்ததில்லை. புறநானூற்றின் 192ஆம் பாடலிலோ, நீர்வழிச் செல்லும் புணைபோல உயிரும் ஊழின் முறைவழிச் செல்லும் என்கிறார் கணியன் பூங்குன்றனார். அங்கே ஊழின்வழிச் செல்லும் உயிருக்கு உவமையான புணை, சிலம்பில் கோவலனை ஊழிடமே கொண்டுசேர்க்கிறது என்பது என் வாசிப்பு.

வைகை நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுவதால், இங்கே ஆற்றுத்துறையின் இடத்தைக் கடலே ஏற்றிருக்கிறது. ஆடி, தை அமாவாசைகளில் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்திலும் மக்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தைக் கடலில் கரைத்து, முன்னோரை வணங்குகிறார்கள்.