மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியின் அலுவலகம் திருப்பூரிலும், சாயப்பட்டறை பெருந்துறையிலும் உள்ளன. திருப்பூரில் இணையத் தொலைபேசி சர்வர் ஒன்றை வைத்து இரண்டு இடங்களுக்கும் எக்ஸ்டென்ஷன் கொடுத்திருக்கிறோம். நாங்கள் பேசுவது பெருந்துறையில் கேட்கிறது. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. அங்கிருந்து அழைத்தால் அரை நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. மாலையில் குரல் விட்டுவிட்டு வருகிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

— வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: முதல் இரண்டு கோளாறுகளுக்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை, அதற்காகப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இணையத் தொலைபேசியில் அழைப்பை ஏற்படுத்தும் வேலையை சிப் (SIP) என்னும் நெறிமுறையும், குரலைச் சுமக்கும் வேலையை ஆர்டிபி (RTP) என்னும் நெறிமுறையும் தனித்தனியே செய்கின்றன. பெரும்பாலும் 5060 என்ற போர்ட்டில் (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசலில்) நடக்கும் சிப் உரையாடலின்போதே, 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று இருபுறமும் சொல்லிக்கொள்கின்றன. உங்கள் சர்வர் தன் பொது ஐ.பி. முகவரியைச் சொல்லாமல், ரூட்டருக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் 192.168 என்று தொடங்கும் முகவரியைச் சொல்கிறது என்றே தோன்றுகிறது. பெருந்துறைத் தொலைபேசியும் அதை நம்பிக் குரலை அங்கே அனுப்புகிறது. அங்கும் அதே வரிசை முகவரிகள் இருந்தால், உங்கள் சாய மாஸ்டரின் குரல் பட்டறையிலுள்ள பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்! அழைப்பை எடுத்ததற்கான ஒப்புதல் செய்தியும் அவ்வாறே வழி தவறுவதால், 32 வினாடிகள் காத்திருந்துவிட்டு சர்வர் இணைப்பைத் துண்டிக்கிறது.

எனவே சர்வரின் நெட்வொர்க் செட்டிங்கில் வெளி முகவரியையும் உள் நெட்வொர்க் வரம்பையும் குறிப்பிடுங்கள். குரலுக்கான யு.டி.பி. போர்ட்டுகளை (ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில் இயங்கும் சர்வர்களில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை) ரூட்டரிலிருந்து சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். இரு ரூட்டர்களிலும் 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு செய்திகளைத் திருத்திக் கெடுப்பதே அதன் வழக்கம்.

ஆயினும் என் விருப்பம், இணையத்தின் வழியே இரு இடங்களுக்கும் இடையே தனிப்பாதை அமைக்கும் வி.பி.என். தான். இரண்டு இடங்களையும் ஒரே தனி நெட்வொர்க்காக இணைத்துவிட்டால் இந்த முகவரிக் குழப்பமே எழாது. 5060-ஐ ஊருக்கெல்லாம் திறந்து வைத்து, கடவுச்சொல்லை ஊகித்து உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசும் திருடர்களை வரவேற்க வேண்டியதும் இல்லை. வி.பி.என். அமைக்கும் முன் ஓரிடத்தின் முகவரி வரிசையை 192.168.2 என்பது போல மாற்றிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வரிசை இருந்தால் வி.பி.என். வழி தெரியாமல் நிற்கும். மாற்றியபின் சர்வரின் உள் நெட்வொர்க் பட்டியலில் பெருந்துறை வரிசையையும் சேர்த்துவிடுங்கள்.

மாலை நேரத் தடங்கல் வேறு கதை. குரலை எண்களாக மாற்றும் ஜி.711 என்ற கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும், தலைப்புத் தகவல்களையும் சேர்த்து, வினாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். ஆனால் அதே நேரத்தில் பையருக்கு டிசைன் கோப்புகளை அனுப்பினால் அப்லோட் பாதை நிரம்பி, குரல் வரிசையில் காத்துக் கிடக்கும். ரூட்டரின் க்யூ.ஓ.எஸ். பகுதியில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். முன்பின்னாக வரும் குரல் துண்டுகளைச் சற்று நிறுத்திவைத்துச் சீராக ஒலிக்கவிடும் ஜிட்டர் பஃபரைச் சற்றுக் கூட்டலாம், ஆனால் அது தாமதத்தையும் கூட்டும். ஒருவழித் தாமதம் மொத்தமாக 150 மில்லிவினாடியைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடத் தொடங்குவீர்கள் என்பதால் அளவோடு கூட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் மாலையில் குரல் தடைப்பட்டால், அப்போது வேகத்தைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் டவுன்லோடைப் பார்க்காமல் அப்லோட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.