மீட்ட தங்கையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் தங்கைக்கு 23 வயது. எங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஜவுளிக் கடையில் வேலை என்று சொல்லி அவளை வேறு மாநிலத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வீட்டில் அடைத்துப் பாலியல் தொழிலில் தள்ளிச் சீரழித்துவிட்டார்கள். நான்கு மாதங்களுக்கு முன்பு போலீசார் மீட்டு, அங்குள்ள பாதுகாப்பு இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் போனில் பேசலாம். வார்டன் பக்கத்திலேயே நிற்பார். போன வாரம் அவர் நகர்ந்த நேரம் பார்த்து, "கதவு எப்பவும் பூட்டுதான் அக்கா. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ரத்தம் எடுத்தாங்க, எதுக்குன்னு சொல்லலை. வெள்ளைத் தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. காலையிலேருந்து பை தைக்கிறோம், கூலி கிடையாது" என்று அழுதாள். நேரில் போய்க் கேட்டதற்கு, "கேஸ் முடியும் வரை விட முடியாது" என்றார்கள். அவளை வீட்டுக்கு அழைத்து வர முடியுமா? புகார் கொடுத்தால் உள்ளே அவளைப் படுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது. இப்படிப்பட்ட இல்லங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாதா?

பதில்: முதலில் உங்கள் கைக்கு வர வேண்டியது ஒரு தாள். உங்கள் தங்கையை அந்த இல்லத்தில் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவின் நகல். வார்டன் சொல்வதும் காவல் நிலையத்தில் சொல்வதும் உத்தரவு ஆகாது. அந்தத் தாளில் எந்தத் தேதி, எந்தப் பிரிவு, எவ்வளவு காலம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பது முடிவாகும்.

ஏன் தேதியைக் கேட்கிறேன் என்றால், ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம், 1956-இன் 17-வது பிரிவு காலக்கெடுக்களைக் கட்டி வைத்திருக்கிறது. மீட்கப்பட்ட பெண்ணை உரிய மாஜிஸ்திரேட்டிடம் உடனே கொண்டுபோக முடியாவிட்டால் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டிடம் ஆஜர்படுத்தலாம். அவர் போடும் இடைக்கால உத்தரவு 10 நாளைத் தாண்டக் கூடாது. பிறகு உரிய மாஜிஸ்திரேட் விசாரணை நடத்துவார். நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்பார்; உதவிக்கு ஐந்து பேர் கொண்ட குழுவையும் அழைக்கலாம், அதில் இயன்றவரை மூவர் பெண்களாக இருக்க வேண்டும். இந்த விசாரணைக் காலக் காவல் 3 வாரத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று மாஜிஸ்திரேட் முடிவுக்கு வந்தால், குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். அப்படிப்பட்ட இறுதி உத்தரவு இல்லாமல் நான்கு மாதம் ஓடியிருந்தால், அவளை அங்கே வைத்திருப்பதற்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை.

"கேஸ் முடியும் வரை" என்ற பேச்சை நானும் பல முறை கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. அவள் இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவள், சாட்சி. சாட்சியைச் சாட்சிக்காகவே பூட்டி வைக்கும் அதிகாரம் காப்பகத்துக்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவின்படி அவள் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் இப்போதே பதிவு செய்யலாம். பின்னால் சாட்சி சொல்ல, காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். மிரட்டல் இருந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம், 2018-இன் கீழ் பாதுகாப்புக் கோரலாம். அவள் வெளியே வந்தால் வழக்கு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனம் நொறுங்கி, வெளியே போனால் போதும் என்று உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சாட்சியம்தான் உண்மையில் கெட்டுப்போகிறது.

இறுதி உத்தரவு போடப்பட்டிருந்தாலும் வழி இருக்கிறது. வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு எதிராக இல்லத்தில் வைக்க முடியுமா என்ற கேள்வி 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. தான் எங்கே வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வயது வந்த பெண்ணுக்கு உண்டு என்று சொல்லி, இல்லத்தில் வைக்கும் உத்தரவை அந்த நீதிமன்றம் ரத்து செய்தது. வேறு மாநில நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்துக்கு வலுவாக உதவும். அதைவிட முக்கியமானது 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. பாதுகாப்பு இல்லங்களை ஆய்வு செய்து, விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களின் வழக்குகளை மறுபரிசீலனை செய்து, குறித்த காலத்துக்குள் விடுவிக்க நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுகளுக்கு அது சொன்னது. இது நாடு முழுவதற்கும் பொருந்தும். மனுவின் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆக, இறுதி உத்தரவு இருந்தால் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு. உத்தரவே இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது என்றால் அந்த மாநில உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனு. உத்தரவு உயிரோடு இருக்கும்போது ஆட்கொணர்வு மனு போட்டால், "மேல்முறையீட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட வாய்ப்பு அதிகம், வாரங்கள் வீணாகும். அதனால்தான் அந்தத் தாளை முதலில் கேட்டேன்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். அவளைக் கூட்டிப்போனவர் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் கடத்தலில் இது அரிதல்ல. நம்பிய ஆள் வழியாகவே வலை விரிக்கப்படுகிறது. ஆகவே குடும்பத்திடம் ஒப்படைக்கும் முன் வீட்டுச் சூழலை விசாரிக்க 1956 சட்டத்தின் 17-அ பிரிவு இடம் தருகிறது. அதிகாரி வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை, வருமானம், அவள் எங்கே தங்குவாள், அந்த நபரும் சித்தப்பாவும் வீட்டுக்கு வந்து போவார்களா என்பதற்கெல்லாம் தெளிவான பதிலும் உங்கள் அடையாளச் சான்றுகளும் தயாராக இருக்கட்டும். அவளுடைய வயதுச் சான்றும் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவள் உங்கள் வீட்டுக்கு வர விரும்புகிறாளா? உங்கள் கடிதத்தில் உங்கள் தவிப்பு இருக்கிறது, பயம் இருக்கிறது. அவள் வெளியே வந்து என்ன செய்ய நினைக்கிறாள் என்பது இல்லை. வேறு ஊரில் வேலை தேடுவதாகவோ, திறந்த விடுதி ஒன்றில் தங்கித் தொழில் கற்பதாகவோ அவள் சொல்லலாம். அதையும் நீதிமன்றத்தில் அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒரு பூட்டிலிருந்து எடுத்து, அக்கறை என்ற பேரில் இன்னொரு வீட்டுக்குள் அவளை அடைத்துவிடக் கூடாது. "சீரழித்துவிட்டார்கள்" என்ற சொல்லும் அவள் காதில் விழ வேண்டாம். அவள்மீது ஒரு குற்றம் இழைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. 1956 சட்டத்தின் 21-வது பிரிவின்படி, பாதுகாப்பு இல்லத்தை மாநில அரசு நடத்த வேண்டும், அல்லது அரசின் உரிமம் பெற்றவர்கள் நடத்த வேண்டும். இயன்றவரை நிர்வாகம் பெண்களிடம் இருக்க வேண்டும் என்று உரிமத்தில் நிபந்தனை விதிக்கலாம். இடவசதி, மருத்துவம், ஆய்வு பற்றியெல்லாம் மாநில விதிகள் சொல்லும். ஆள் கடத்தலுக்கு எதிரான ஐ.நா. நெறிமுறையை இந்தியா 2011-இல் ஏற்றது. தகுந்த தங்குமிடம், மருத்துவ, உளவியல் உதவி, சட்ட உரிமைகளைப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்வது, வேலை, பயிற்சி ஆகியவற்றுக்கு வழிசெய்வது பற்றி அதன் 6-வது உறுப்பு பேசுகிறது. மொழி தெரியாத மாநிலத்தில் இருக்கும் உங்கள் தங்கைக்கு, தமிழ் பேசும் ஆலோசகரைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

காகிதத்தில் இருப்பது உள்ளே இருக்கிறதா என்று பார்க்க எனக்குச் சில அளவுகோல்கள் உண்டு. இல்லங்களுக்குப் போகும்போது பதிவேட்டை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்பேன். கண்காணிப்பாளர் இடுப்பில் தொங்கினால் அது புகார்ப் பெட்டி அல்ல. ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் துணிமணியைப் பூட்டி வைக்க ஓர் இடம் உண்டா, தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா, இரவில் உடம்பு சரியில்லாமல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் யார்? ஒருமுறை ஒரு பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "எனக்குத் தெரிந்த ஒரே போன் நம்பர், அவங்க எடுத்து வச்சிருக்கிற என் போன்லதான் இருக்கு" என்றாள். வழக்குச் சான்றாகக் கைப்பற்றிய போனிலிருந்து ஒரு நம்பரை எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டு வாங்கினோம்.

உங்கள் தங்கை சொன்னவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொள்வோம். மீட்கப்பட்டவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப 1956 சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எடுத்த ரத்தம் எச்ஐவி பரிசோதனைக்கு என்றால், 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் தவிர, விவரம் சொல்லி அவள் சம்மதம் பெற்றே ஆக வேண்டும். முடிவை மற்றவர்களிடம் சொல்லவும் கூடாது. வெள்ளைத் தாள் கையெழுத்து மிக ஆபத்தானது. "என் விருப்பத்தின் பேரிலேயே இங்கு தங்கியிருக்கிறேன்" என்று நாளை அதில் எழுதப்படலாம். மனுவில் தேதியோடு இதைச் சொல்லி, அந்தத் தாளை நீதிமன்றத்தில் ஒப்படைக்கக் கோர வேண்டும். தன் அறையைத் தானே பெருக்குவது வேறு, விற்பனைக்குப் பை தைப்பது வேறு. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23-வது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆள் கடத்தலைத் தடை செய்யும் உறுப்பும் அதே 23 தான். கடத்தலிலிருந்து மீட்ட பெண்ணிடம் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது.

புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களா என்ற பயம் நியாயமானது. ஆகவே இல்லத்துக்கு எழுதாதீர்கள். நீங்கள் அங்கே போய்ச் சண்டையும் போடாதீர்கள். ஆள் கடத்தலுக்கு ஆளானவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு அதைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்து, இல்லம் இருக்கும் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக அவளுக்கு ஒரு பெண் வழக்கறிஞரைக் கேளுங்கள். அவர் வக்காலத்தில் கையெழுத்து வாங்க உள்ளே போகும்போது அவளோடு தனியாகப் பேசுவார். அதன்பின் எல்லாம் வழக்கறிஞர் பேரில், நீதிமன்றம் வழியாகப் போகட்டும். மாஜிஸ்திரேட் தன் அறையில், இல்ல ஊழியர் யாரும் இல்லாமல், மொழிபெயர்ப்பாளரை வைத்து அவளிடம் பேச வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். மனு முடியும் வரை வேறு இல்லத்துக்கு மாற்றவும் கோரலாம். 1956 சட்டத்தின் 21-வது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. யாராவது தொட்டார்கள், மிரட்டினார்கள் என்றால் மாற்றல் மனுவுக்காகக் காத்திருக்கக் கூடாது. இல்ல நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள பெண்ணிடம் செய்யும் பாலியல் குற்றத்துக்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தனியாகக் கடுமையான தண்டனை இருக்கிறது. எந்தக் காவல் நிலையத்திலும், உங்கள் ஊரிலேயேகூட, எஃப்ஐஆர் பதியக் கேட்கலாம்.

அதே இல்லத்தில் இருக்கும் மற்ற பெண்களுக்காகவும் நீங்கள் ஒன்று செய்யலாம். உரிமம் வழங்கும் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, இல்லத்தின் உரிம நகல், கடைசி ஆய்வு அறிக்கை இரண்டையும் கேளுங்கள். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். இத்தகைய இல்லங்களுக்குச் சென்று பார்க்க அதற்கு அதிகாரம் உண்டு. 1981-இல் ஆக்ரா பாதுகாப்பு இல்லத்தின் அவல நிலையைப் பற்றி இரண்டு சட்டப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அதுவே மனுவாக ஏற்கப்பட்டு, 1997-இல் அந்த இல்லம் தேசிய மனித உரிமை ஆணையத்தின் கண்காணிப்பில் வந்தது. 2018-இல் பீகாரின் முசாஃபர்பூர் சிறுமியர் இல்லத்தில் நடந்த கொடுமையும், வெளியிலிருந்து போனவர்களின் சமூகத் தணிக்கை அறிக்கையால்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

இழப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவின் கீழ் அதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பணம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும்.

அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கிடைக்கும்போது நலம் விசாரிப்பதோடு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: உன்னை மாஜிஸ்திரேட் முன்னால் எத்தனை முறை, எந்தத் தேதியில் கொண்டுபோனார்கள்? எந்தக் கோர்ட் என்று ஞாபகம் இருக்கிறதா? வெளியே வந்ததும் எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்? வார்டன் கேட்டுக்கொண்டிருந்தாலும் இவற்றில் குற்றம் காண முடியாது. இனி எதிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பதையும் சொல்லிவிடுங்கள். அவள் சொல்லும் தேதிகளை அப்படியே குறித்துக்கொண்டு அன்றே 15100-ஐ அழையுங்கள்.