தெனாகாவுக்குப் போட்டி வந்தால் பில் குறையுமா? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி (செந்தூல்): அண்ணா, தீபகற்ப மலேசியாவில் மின்சாரத்துக்குத் தெனாகா ஒன்றேதானே இருக்கு, இன்னொரு கம்பெனியை விட்டால் கரண்டு பில் குறையாதா?

மின்சாரத்தை உற்பத்தி செய்வதில் 1990களிலிருந்தே தனியார் நிலையங்கள் இருக்கின்றன தம்பி. கம்பிதான் வேறு கதை. உங்கள் தெருவில் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகக் கம்பம் நட்டால் செலவு இரட்டிப்பாகும், ஆளுக்குப் பாதி வீடுகள்தான் கிடைக்கும், அந்தச் செலவு முழுவதும் நம் பில்லில்தான் வந்து விழும். ஒருவரே செய்தால்தான் மொத்தச் செலவு குறைவு என்கிற இந்த நிலையைத்தான் இயற்கை ஏகபோகம் என்பார்கள். அதற்காக அவர் நினைத்த விலையை வைக்க விட முடியாதே, அதனால்தான் மேலே ஓர் ஆணையம்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஐயா, லாபம் இவ்வளவுதான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முக்கியமான கேள்வி இதுதான். போட்ட முதலுக்கு இத்தனை விழுக்காடு என்று உறுதி கொடுத்துவிட்டால் கம்பெனிக்கு முதலை ஏற்றிக்கொண்டே போக ஆசை வரும். ஏவர்ச், ஜான்சன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 1962லேயே இதைக் காட்டிவிட்டார்கள். அதற்கு மாற்றாக 1983ல் பிரிட்டனில் லிட்டில்சைல்ட் என்ற பொருளாதார நிபுணர் சொன்ன வழி, விலைக்கே உச்சவரம்பு வைப்பது: விலைவாசி உயர்வை விடச் சற்றுக் குறைவாகத்தான் கட்டணம் ஏறலாம், செலவைக் குறைத்து மிச்சம் பிடித்தால் அது கம்பெனிக்கு. ஆனால் பராமரிப்பில் கைவைத்தும் மிச்சம் பிடிக்கலாம், ஆகவே மின்தடை எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும். இங்கே இரண்டும் கலந்த முறைதான். 2018 முதல் 2020 வரை, போட்ட முதலுக்குத் தெனாகாவுக்கு அனுமதித்த வருமானம் 7.3 விழுக்காடு, அதற்கு முன் 7.5. எல்லாரும் இந்த விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், நான் பார்ப்பது அந்த விழுக்காடு எதன் மேல் போடப்படுகிறதோ அந்தச் சொத்துக் கணக்கை. 100 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) தேவையில்லாத துணை மின்நிலையம் ஒன்று அந்தக் கணக்கில் ஏறினால், 7.3 விழுக்காட்டில் ஆண்டுக்கு 7.3 கோடி, தேய்மானம் தனி, பல ஆண்டுகளுக்கு நாம் கட்டுவோம். கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது கேட்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பினாங்கில் தண்ணீர் மலிவாகத்தானே இருந்தது, ஏன் ஏற்ற வேண்டும்?

மலிவு நல்லதுதான் அக்கா, ஆனால் பழைய குழாயை மாற்றப் பணம் மிஞ்ச வேண்டுமே. நாடு முழுக்கப் பார்த்தால் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நீருக்கு வருவாயே கிடைப்பதில்லை, கசிவு அதில் பெரும்பங்கு. பினாங்கின் நிலை இதைவிட மேல், அதைக் காப்பாற்றவே செலவு பிடிக்கும். சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றையே பெரிதும் நம்பியிருக்கிறோம் என்ற சிக்கலைக் கட்டணம் மட்டும் தீர்க்காது, அது வேறு.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): அப்போ 5ஜிக்கு மட்டும் ஏன் இரண்டாவது நெட்வொர்க்?

2021ல் டிஜிட்டல் நாசியோனல் (டிஎன்பி) என்ற ஒற்றை நெட்வொர்க்கோடு தொடங்கினார்கள், அது கைப்பேசி கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்கும்; 2024ல் இரண்டாவதற்கு யூ மொபைல் என்ற கைப்பேசி கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்கள். அலைக்கற்றைக் கருவிகள் சீக்கிரம் பழசாகும், அங்கே போட்டி தாங்கும் என்பது என் கருத்து; கோபுரத்தையும் ஃபைபரையும் பகிர்ந்துகொள்ளச் சொல்லலாம். வீட்டு இணையத்தில் நடந்ததைப் பாருங்கள்: 2018ல், கேபிள் வைத்திருப்பவர் மற்றக் கம்பெனிகளிடம் வாங்கும் மொத்த விற்பனை விலைக்குத் தொலைத்தொடர்பு ஆணையம் வரம்பு வைத்தது, வீட்டுக்கு இரண்டாவது கேபிள் இழுக்காமலேயே சந்தா குறைந்தது, வேகமும் கூடியது.